கையெழுத்துக்கு முன்: நெறிமுறைக் குழுவும் நம் பள்ளியும்

கல்வியாண்டு தொடங்கி ஓரிரு மாதங்களில் நம் பள்ளிகளுக்குக் கடிதங்கள் வரத் தொடங்கும். வளரிளம் பெண்களின் உணவுப் பழக்கம் குறித்து ஆய்வு செய்ய வேண்டும் என்று ஒரு செவிலியர் கல்லூரி எழுதும். கைப்பேசிப் பயன்பாடு பற்றி வினாத்தாள் கொடுத்து விவரம் சேகரிக்க எம்.எட். மாணவர் ஒருவர் வருவார். மருத்துவக் கல்லூரியின் சமூக மருத்துவத் துறையினர் உயரம், எடை, இரத்த அளவு பார்க்க அனுமதி கேட்பார்கள். தலைமையாசிரியர் கடிதத்தின் ஓரத்தில் ‘அனுமதிக்கலாம்’ என்று எழுதிக் கையெழுத்திடுவார். வகுப்பாசிரியர் பிள்ளைகளை வரிசையாக அனுப்பி வைப்பார். ஒரு பாடவேளைக்குள் எல்லாம் முடிந்துவிடும்.

இந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை நல்லவை, தேவையானவை. ஆயினும் அந்தக் கையெழுத்துக்கு முன் ஒரு கேள்வி கேட்கப்பட வேண்டும்: “இந்த ஆய்வை எந்த நெறிமுறைக் குழு பார்த்து ஒப்புதல் அளித்தது?” கல்லூரி வட்டாரத்தில் ‘எத்திக்ஸ் கமிட்டி’ என்று சாதாரணமாகப் புழங்கும் சொல் இது. பள்ளி வட்டாரத்தில் அதிகம் அறியப்படவில்லை. அறிந்திருக்க வேண்டியவர்களில் முதல் வரிசையில் இருப்பவர்களோ ஆசிரியர்களாகிய நாம்தான். ஏன் என்பதைப் பார்ப்போம்.

நெறிமுறைக் குழு என்ன செய்கிறது?

மனிதர்களை உட்படுத்திச் செய்யப்படும் மருத்துவ, உடல்நல ஆய்வு எதுவானாலும், அது தொடங்கும் முன் அதன் திட்டத்தைப் படித்துப் பார்த்து, பங்கேற்பவர்களின் உரிமையும் பாதுகாப்பும் காக்கப்படுகின்றனவா என்று தீர்மானிக்கும் குழு இது. மருத்துவக் கல்லூரிகளிலும் ஆராய்ச்சி நிறுவனங்களிலும் பெரிய மருத்துவமனைகளிலும் இயங்குகிறது. உடல்நலம் சார்ந்த சமூக, நடத்தை ஆய்வுகளும் இதன் பார்வைக்கு வர வேண்டும். ஊசியோ மாத்திரையோ இல்லாத, வெறும் வினாத்தாள் கொண்ட ஆய்வும் இதில் அடங்கும். ஒரு கேள்வியும் ஒரு பிள்ளையைக் காயப்படுத்தக்கூடும் என்பது நமக்குத் தெரிந்ததுதானே.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017இல் வெளியிட்ட தேசிய நெறிமுறை வழிகாட்டுதல்களின்படி, இக்குழுவில் 7 முதல் 15 உறுப்பினர்கள் வரை இருக்கலாம். தலைவர் அந்த நிறுவனத்தைச் சாராதவராக இருக்க வேண்டும். உறுப்பினர்களில் பாதிப்பேராவது வெளியிலிருந்து வர வேண்டும். மருத்துவர், மருத்துவ அறிவியலர், சட்டம் அறிந்தவர், சமூகவியலர் ஆகியோருடன் மருத்துவத் துறையைச் சாராத சாதாரணக் குடிமக்களில் ஒருவரும் இடம்பெற வேண்டும்.

அந்தச் சாதாரணக் குடிமகன் அல்லது குடிமகளின் இடம்தான் நாம் கவனிக்க வேண்டியது. மருத்துவருக்குத் தெளிவாகத் தெரியும் வாக்கியம் ஊராருக்குப் புரியுமா, இந்தக் கேள்வியை ஒரு பெண் பிள்ளையிடம் இப்படிக் கேட்கலாமா, கூலி வேலைக்குப் போகும் தாய் இதற்காக ஒரு நாள் சம்பளத்தை இழப்பாளா என்றெல்லாம் கேட்பது அவர் வேலை. இந்த இடத்தில் ஓர் ஆசிரியரும் அமரலாம்.

குழுவின் பணி ஒப்புதல் கடிதத்துடன் முடிவதில்லை. ஆய்வு நடக்கும்போது கண்காணிக்க வேண்டும். பாதிப்பு ஏற்பட்டால் அறிக்கை பெற வேண்டும். தேவையானால் ஆய்வை நிறுத்தவும் அதற்கு அதிகாரம் உண்டு. புதிய மருந்துகளுக்கான ஆய்வுகளைப் பரிசீலிக்கும் குழுக்கள் மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பிடம் பதிவு செய்திருக்க வேண்டும் என்பது 2013இல் கட்டாயமாக்கப்பட்டது. 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வு விதிகள் அதை மேலும் விரிவாக்கின.

இந்தக் குழு ஏன் தேவைப்பட்டது?

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் டஸ்கீகி என்ற ஊரை மையமாகக் கொண்டு 1932 முதல் 1972 வரை அந்நாட்டுப் பொதுச் சுகாதாரத் துறை ஓர் ஆய்வை நடத்தியது. சிஃபிலிஸ் நோய் இருந்த 399 கறுப்பின ஆண்களும் நோய் இல்லாத 201 பேரும் அதில் இருந்தனர். ‘கெட்ட இரத்தத்துக்குச் சிகிச்சை’ என்று மட்டுமே அவர்களிடம் சொல்லப்பட்டது. சிகிச்சை தராமல் விட்டால் நோய் எப்படி முற்றுகிறது என்று பார்ப்பதுதான் உண்மை நோக்கம். 1940களில் பென்சிலின் நல்ல மருந்தாக நிலைபெற்ற பிறகும் அவர்களுக்கு அது கொடுக்கப்படவில்லை. ஏழை விவசாயக் கூலிகளான அவர்கள் நாற்பது ஆண்டுகள் ஏன் தொடர்ந்து வந்தார்கள்? அவர்கள் நம்பிய உள்ளூர்ச் செவிலியர் ஒருவர் அவர்களை அழைத்து வந்தார் என்பதும் ஒரு காரணம். நம்பிக்கைக்குரிய ஒருவர் இடையில் நின்றால் மக்கள் கேள்வி கேட்பதில்லை. நம் ஊர்களில் அப்படி இடையில் நிற்பவர் பெரும்பாலும் ஆசிரியர்தான்.

அடுத்த நிகழ்வு பள்ளி என்று பெயர் தாங்கிய ஓர் இடத்தில் நடந்தது. நியூயார்க்கில் வில்லோபுரூக் அரசுப் பள்ளி என்பது அறிவுசார் குறைபாடுள்ள குழந்தைகளுக்கான தங்கும் இல்லம். 1950களின் நடுப்பகுதியில் தொடங்கிய ஆய்வில், அங்கிருந்த குழந்தைகளுக்குக் கல்லீரல் அழற்சி நோய்க் கிருமி வேண்டுமென்றே கொடுக்கப்பட்டது. பெற்றோர் கையெழுத்திட்டிருந்தனர். ஆனால் ஒரு கட்டத்தில் இல்லத்தில் இடமில்லாமல் பொதுச் சேர்க்கை நின்றுபோனது. ஆய்வுப் பிரிவில் மட்டும் இடம் இருந்தது. வேறு போக்கிடம் இல்லாத பெற்றோர் அங்கே கையெழுத்திட்டார்கள். அதை ஒப்புதல் என்று சொல்ல முடியுமா?

டஸ்கீகி செய்தி 1972இல் வெளியானபின் அமெரிக்கா 1974இல் சட்டம் இயற்றியது. 1979இல் வந்த பெல்மான்ட் அறிக்கை மூன்று கொள்கைகளை வகுத்தது: மனிதரை மதித்தல், நன்மை செய்து தீங்கைத் தவிர்த்தல், நீதி. நீதி என்பதன் பொருள் எளிது. ஆய்வின் சுமையை ஏழைகள் மட்டும் சுமக்க, பலனை வேறு யாரோ பெறக் கூடாது. இந்தியாவில் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1980இல் தன் முதல் நெறிமுறைக் கொள்கை அறிக்கையை வெளியிட்டது.

கம்மம்: நமக்கு மிக அருகில் நடந்தது

2009ஆம் ஆண்டு ஜூலையில், அப்போதைய ஆந்திரப் பிரதேசத்தின் கம்மம் மாவட்டத்தில் ஒரு செயல்விளக்கத் திட்டம் தொடங்கியது. குஜராத்தின் வதோதரா மாவட்டத்திலும் அது நடந்தது. கருப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. தடுப்பூசி, 10 முதல் 14 வயது வரையுள்ள சுமார் 24,000 சிறுமிகளுக்குப் போடப்பட்டது. ‘பாத்’ என்ற பன்னாட்டு அமைப்பு, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துடனும் மாநில அரசுகளுடனும் இணைந்து இதை நடத்தியது. கம்மத்தில் பங்கேற்றவர்களில் பலர் விடுதிகளில் தங்கிப் படித்த பழங்குடிச் சிறுமிகள். ஏழு சிறுமிகள் இறந்த செய்தி வெளிவந்ததும் 2010 ஏப்ரலில் திட்டம் நிறுத்தப்பட்டது.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். அந்த இறப்புகளுக்குத் தடுப்பூசி காரணமாக இருக்க வாய்ப்பில்லை என்றே விசாரணைக் குழு கருதியது. எச்.பி.வி. தடுப்பூசி பல நாடுகளில் பள்ளிகளிலேயே மாணவிகளுக்குப் போடப்படும் பயனுள்ள தடுப்பூசி. இதைப் படித்துவிட்டு யாரும் அதற்கு அஞ்ச வேண்டியதில்லை.

சிக்கல் வேறிடத்தில் இருந்தது. நாடாளுமன்ற நிலைக்குழு 2013 ஆகஸ்டில் அளித்த அறிக்கை, ஆந்திராவில் பரிசீலிக்கப்பட்ட 9,543 ஒப்புதல் படிவங்களைப் பற்றிப் பேசுகிறது. அவற்றில் 1,948 படிவங்களில் கைநாட்டு இருந்தது. 2,763 படிவங்களில் விடுதிக் காப்பாளர்கள் கையெழுத்திட்டிருந்தார்கள். நெறிமுறைக் குழுக்கள் தம் கடமையைச் சரிவரச் செய்யவில்லை என்றும் அறிக்கை குறை கூறியது.

2,763 என்ற எண்ணை நாம் நின்று பார்க்க வேண்டும். அந்தக் காப்பாளர்களில் பெரும்பாலோர் பிள்ளைகள் மீது அக்கறை உள்ளவர்களாகவே இருந்திருப்பார்கள். பெற்றோர் தொலைவில் இருக்கிறார்கள், பிள்ளைக்குச் சோறு போட்டு, காய்ச்சலுக்கு மருந்து கொடுத்து, இரவில் கதவைப் பூட்டிப் பார்த்துக்கொள்பவர் நாம்தானே, நல்ல தடுப்பூசிதானே, நாமே போட்டுவிடலாம் என்று கையெழுத்திடத் தோன்றுவது இயல்பு. நம்மில் யாருக்கும் தோன்றும். ஆனால் இறப்புச் செய்தி வந்த அன்று, “என் மகளுக்கு என்ன போட்டீர்கள்? என்னிடம் யார் கேட்டார்கள்?” என்று ஒரு தாய் கேட்டால், ‘தடுப்பூசி காரணமில்லை’ என்ற விளக்கம் அவள் காதில் ஏறாது. நல்ல தடுப்பூசி ஒன்று மக்களின் நம்பிக்கையை இழந்ததற்கு அந்தக் கையெழுத்துகளும் காரணமாயின.

அனுமதி, ஒப்புதல், இசைவு

கம்மம் தரும் பாடத்தை மூன்று சொற்களில் அடக்கலாம். அன்றாடப் பேச்சில் மூன்றையும் ஒன்றாகப் புழங்குகிறோம். ஆய்வு நெறியில் மூன்றும் வேறு வேறு.

அனுமதி: பள்ளி வளாகத்துக்குள் வந்து ஆய்வு செய்யத் தலைமையாசிரியரும் உயர் அலுவலர்களும் தருவது. இது வாசற்கதவைத் திறப்பது மட்டுமே.

ஒப்புதல்: 18 வயது நிரம்பாத பிள்ளைக்காகப் பெற்றோர் அல்லது சட்டப்படியான பாதுகாவலர் தருவது. ஆய்வின் நோக்கம், செய்முறை, ஆபத்து, பயன், எப்போது வேண்டுமானாலும் விலகும் உரிமை ஆகிய அனைத்தும் அவருக்குப் புரியும் மொழியில் சொல்லப்பட்ட பிறகே இது செல்லும். தலைமையாசிரியரின் அனுமதி இதற்கு ஈடாகாது.

இசைவு: பிள்ளை தானே தருவது. 7 முதல் 12 வயது வரை வாய்மொழியாகவும், 12 முதல் 18 வயது வரை எழுத்திலும் பெற வேண்டும் என்கின்றன 2017ஆம் ஆண்டு வழிகாட்டுதல்கள். அம்மா கையெழுத்திட்டாலும் பிள்ளைக்குத் தன் கருத்தைச் சொல்ல உரிமை உண்டு.

கைநாட்டு வைப்பதில் தவறில்லை. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் ஒப்புதல் தரும் உரிமை முழுமையாக உண்டு. படிவத்தை அவருக்கு வாசித்து விளக்கும்போது ஆய்வுக் குழுவைச் சாராத சாட்சி ஒருவர் உடனிருந்து கையெழுத்திட வேண்டும். செங்கல் சூளைக்கோ கரும்பு வெட்டுக்கோ போயிருக்கும் பெற்றோரை அணுக முடியவில்லை என்றால், அந்தப் பிள்ளை ஆய்வில் சேர வேண்டாம். அதனால் பிள்ளைக்கு எந்த இழப்பும் வரக் கூடாது.

திட்டமா, ஆய்வா?

தேசியக் குடற்புழு நீக்க நாளன்று அல்பெண்டசோல் மாத்திரை கொடுக்கிறோம். வாரந்தோறும் இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கிறோம். பள்ளிச் சிறார் நலக் குழுவின் மருத்துவர் வந்து பல்லையும் கண்ணையும் பார்க்கிறார். இவை அரசின் நலத்திட்டங்கள். இவற்றின் மருந்தும் அளவும் முன்பே நிலைநிறுத்தப்பட்டவை. பிள்ளையின் நலனே நோக்கம். இவற்றுக்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் தேவையில்லை. பெற்றோருக்கு முன்கூட்டித் தெரிவிப்பது நம் நல்வழக்கம்.

ஆய்வின் நோக்கம் வேறு. புதிதாக ஒன்றைத் தெரிந்துகொள்வதற்காகப் பிள்ளைகளிடமிருந்து தகவலோ இரத்தமோ நேரமோ பெறப்படுகிறது. அதனால் அந்தப் பிள்ளைக்கு நேரடிப் பயன் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். கம்மத்தில் நடந்தது திட்டமா ஆய்வா என்ற குழப்பமே பெரிய சிக்கலானது. செயல்விளக்கத் திட்டம் என்ற பெயரும் அரசு நலவாழ்வு இயக்கத்தின் சின்னமும் இருந்ததால், வழக்கமான அரசுத் தடுப்பூசிபோல் அது மக்களுக்குத் தோன்றியது. ஆகவே வருபவரிடம் நாம் முதலில் கேட்க வேண்டியது, “இது சேவையா, ஆய்வா?” என்பதே.

வகுப்பறையில் ஒரு நெறிமுறைக் குழு

இதை மாணவர்களிடம் கொண்டுசேர்க்க ஒன்பதாம் வகுப்பில் இரண்டு பாடவேளைகளில் ஒரு செயல்பாடு செய்தேன். அறிவியல், சமூக அறிவியல் ஆசிரியர்கள் இருவருக்குமே பொருந்தும். வகுப்பை ஏழு ஏழு பேராகப் பிரித்து, ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கு கொடுக்க வேண்டும்: தலைவர், மருத்துவர், மருத்துவ அறிவியலர், வழக்கறிஞர், சமூகவியலர், ஊர்ப் பெண் ஒருவர், செயலர். பிறகு ஒரு கற்பனை விண்ணப்பத்தைக் கொடுக்கலாம்:

“வளரிளம் மாணவிகளிடையே இரத்தசோகை பற்றிய ஆய்வு. 8, 9ஆம் வகுப்பு மாணவிகள் 100 பேர். விரல் நுனியில் ஒரு துளி இரத்தம் எடுக்கப்படும். 50 பேருக்கு மூன்று மாதம் தினமும் எள்ளுருண்டை. மற்ற 50 பேருக்கு எதுவும் இல்லை. ஒப்புதல் படிவத்தில் வகுப்பாசிரியர் கையெழுத்திடுவார். பங்கேற்போருக்கு 5 அகமதிப்பெண். முடிவுகள் பெயருடன் தகவல் பலகையில் ஒட்டப்படும்.”

இதில் வேண்டுமென்றே நான்கு குறைகள் வைக்கப்பட்டுள்ளன. ஆசிரியர் சுட்டிக்காட்டக் கூடாது. அவர்களே கண்டுபிடிக்க வேண்டும். தகவல் பலகைக் குறையை எல்லாக் குழுக்களும் முதல் ஐந்து நிமிடத்தில் பிடித்துவிட்டன. “பேரைப் போட்டா கிண்டல் பண்ணியே கொன்னுடுவாங்க டீச்சர்” என்றாள் ஒருத்தி. மதிப்பெண் ஆசை காட்டுவது சரியா என்று மாணவர்களிடையே வாக்குவாதம் எழுந்தது. “மார்க்குக்காக எல்லாரும் சரின்னுதான் சொல்லுவாங்க, அப்புறம் கேக்கறதே வேஸ்ட்” என்றான் ஒரு மாணவன். தாமாக முன்வருதல் என்பதன் இலக்கணத்தை அவன் தன் மொழியில் சொல்லிவிட்டான்.

ஊர்ப் பெண்ணாக நடித்த மாணவி கேட்டது எனக்கு மறக்கவில்லை: “உருண்டை கெடைக்காத அம்பது பேர்ல ஒருத்திக்கு ரத்தம் ரொம்பக் கம்மியா இருந்தா, மூணு மாசம் அவளச் சும்மா பாத்துக்கிட்டே இருப்பாங்களா?” டஸ்கீகியைப் பற்றி அதுவரை நான் வாய் திறக்கவே இல்லை. அதன் பிறகு சொன்னேன், வகுப்பு அமைதியாகிவிட்டது. குறைந்த அளவு உள்ளவர் எந்தப் பிரிவில் இருந்தாலும் உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பப்பட வேண்டும் என்று அந்தக் குழு நிபந்தனை எழுதியது. ஒரு குழுகூட ஆய்வே வேண்டாம் என்று சொல்லவில்லை. எல்லாரும் திருத்தித் தரச் சொன்னார்கள். உண்மையான நெறிமுறைக் குழுக்களும் பல விண்ணப்பங்களுக்கு இதைத்தான் செய்கின்றன.

கடைசியாக ஒரு கேள்வி வந்தது: “வேணாம்னு சொன்னா நீங்க திட்ட மாட்டீங்களா டீச்சர்?” நம் வகுப்பறைகளில் ‘வேண்டாம்’ என்ற சொல்லுக்கு எவ்வளவு இடம் இருக்கிறது என்பதை அந்தக் கேள்வி காட்டிவிட்டது. ஆசிரியர் அருகில் நின்றுகொண்டு, “எல்லாரும் கையெழுத்துப் போடுங்க” என்றால், எந்தப் பிள்ளையின் இசைவும் இசைவாகாது. அந்த நேரத்தில் நாம் சற்று விலகி நிற்பதே பிள்ளைக்குச் செய்யும் உதவி.

தொடக்க வகுப்புகளில் இதை இன்னும் எளிமையாகச் செய்யலாம். ‘உன் படத்தை எடுக்கலாமா?’, ‘உன் ஓவியத்தை வாட்ஸ்அப் குழுவில் போடலாமா?’ என்று ஒவ்வொரு பிள்ளையிடமும் கேட்டு, ஆம் என்றாலும் வேண்டாம் என்றாலும் ஒரே புன்னகையுடன் ஏற்றுக்கொள்ளுங்கள். தன்னிடம் கேட்கப்பட வேண்டும் என்பதை ஆறு வயதுப் பிள்ளைகூட இப்படித்தான் கற்றுக்கொள்ளும். பாதுகாப்பற்ற தொடுதலுக்கு ‘வேண்டாம்’ சொல்லும் பயிற்சிக்கும் இதுவே அடித்தளம்.

தலைமையாசிரியர் மேசையில் வைத்துக்கொள்ள

ஆய்வு அனுமதி கோரி வருபவரிடம் கேட்க வேண்டியவை:

1. இது அரசின் நலத்திட்டமா, ஆய்வா?
2. நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் கடிதத்தின் நகல் இருக்கிறதா? அதில் இப்பள்ளி அல்லது இத்தகைய பள்ளிகள் குறிப்பிடப்பட்டுள்ளனவா?
3. பெற்றோர் ஒப்புதல் படிவமும் பிள்ளைகளின் இசைவுப் படிவமும் தமிழில் உள்ளனவா? நாம் வாசித்தால் புரிகிறதா?
4. பங்கேற்க மறுக்கும் பிள்ளைகள் அந்த நேரத்தில் என்ன செய்வார்கள்?
5. பெயர், ஆதார் எண், படம் ஆகியவை சேகரிக்கப்படுகின்றனவா? எதற்காக? யாரிடம் இருக்கும்?
6. குறைபாடோ நோயோ கண்டறியப்பட்டால் யாரிடம் சொல்வார்கள், எங்கே அனுப்புவார்கள்?
7. வினாக்களுக்கு விடையளிக்கும்போது ஒரு பிள்ளை தனக்கு நேர்ந்த வன்கொடுமையைச் சொன்னால் என்ன ஏற்பாடு? போக்சோ சட்டம் 2012இன்படி அதைக் காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம். ‘யாரிடமும் சொல்ல மாட்டோம்’ என்று பிள்ளைக்கு வாக்களிக்க யாருக்கும் உரிமையில்லை.
8. புகார் சொல்ல நெறிமுறைக் குழுச் செயலரின் தொலைபேசி எண் படிவத்தில் உள்ளதா?
9. ஆய்வு முடிந்ததும் முடிவுகளைப் பள்ளிக்கும் பெற்றோருக்கும் வந்து சொல்வார்களா?

முறையாகத் தயாராகி வரும் ஆய்வாளர் இவற்றைக் கேட்டால் மகிழ்வார். எல்லாவற்றுக்கும் அவர் கோப்பில் விடை இருக்கும். தயாராகாமல் வந்தவர் ஒரு வாரம் கழித்துத் தயாராகி வரட்டும். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் ஆய்வாளரையே வந்து விளக்கச் சொல்வதும் நல்ல வழி. பெற்றோர் கேட்பார்கள், ஆய்வாளர் பதில் சொல்வார், பதிவேட்டிலும் ஏறிவிடும்.

நெறிமுறைக் குழு நகரத்தில், ஏதோ ஒரு மருத்துவக் கல்லூரியின் கூட்ட அறையில் அமர்ந்து முடிவெடுக்கிறது. அது எழுதிய நிபந்தனைகள் நம் பள்ளி வராண்டாவில், மேசை போட்டு, பிள்ளைகளை வரிசையில் நிறுத்தும்போதுதான் கடைப்பிடிக்கப்படுகின்றன அல்லது காற்றில் விடப்படுகின்றன. அந்த இடத்தில் குழு உறுப்பினர் யாரும் இருக்க மாட்டார். நாம் இருப்போம். அனுமதிக் கடிதத்தில் நம் கையெழுத்து இருக்கட்டும். பெற்றோருக்கான கோட்டில் பெற்றோரும், பிள்ளைக்கான கோட்டில் பிள்ளையும் மட்டுமே கையெழுத்திடட்டும். அவர்கள் வரும்வரை அந்தக் கோடுகள் காலியாகவே இருக்கட்டும்.